ஸப்வானின் பெயரில்

நான் எழுதவில்லை. இதை நிச்சயமாக நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் விரல்களுக்காவது ஞாபகம் இருக்குமே.

நிஹ்லா மடிக்கணினியைத் தள்ளி வைத்தாள். பிறகு மறுபடியும் அருகே இழுத்துக்கொண்டாள். ஸப்வானின் சின்ன வட்டப் படம். ரிவர்ஸ்டன் மேட்டில், கூதலுக்குக் கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது அவள்தான் எடுத்தது. படத்தின் பக்கத்தில் அவன் பெயர். பெயருக்குக் கீழே, நேற்று வரை இல்லாத இரண்டு சொற்கள்.

‘இன்னும் காயல்ல.’

டெங்குக் காய்ச்சலில் போன ஸப்வானை அடக்கி மூன்று மாதம் கடந்துவிட்டது.

குசினியில் மாமி, ஸப்வானின் உம்மா, தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். இரத்தோட்டைப் பக்கம் போகும் பஸ் ஒன்று வளைவில் ஹோன் அடித்தது. எல்லாச் சத்தமும் அந்தந்த இடத்தில் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

அவள் இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தான பெண், நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே போகாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருக்கும் காலம். வெள்ளை உடை. அறை வாசலில் மாமி தைத்துத் தொங்கவிட்ட தடித்த பச்சைச் சீலை. சீலைக்கு இந்தப் பக்கம் ஒரு கட்டில், ஒரு மேசை, ஸப்வானின் மடிக்கணினி. துக்கம் கேட்க வந்த பெண்கள் அவள் அதைத் திறந்து வைத்திருப்பதைப் பார்த்து, ‘பாவம், புருசன்ட போட்டோவப் பாத்துக்கிட்டே இரிக்கா’ என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு போனார்கள். அது முழுக்கப் பொய்யும் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் மிளகு ஸ்டோர். ஒரு மழைக்காலத்தில் அங்கே மூட்டை மூட்டையாக மிளகு பூசணம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் ஸப்வான் ஸ்டோரின் மூலைகளில் காற்றின் ஈரத்தை அளக்கும் சின்னக் கருவிகளைப் பொருத்தினான். அவை சொல்வதைப் படித்து, ஈரம் ஏறினால் போனுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை எழுதினான். அதற்கு ‘ஈரம்’ என்றே பெயர் வைத்தான். எழுதியதை இணையத்தில் எல்லாருக்கும் திறந்து வைத்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றிப் பிறருக்குக் கொடுக்கிறவர், மாற்றியதையும் அதேபோலத் திறந்து வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அதன் உரிமம் சொன்னது அதைத்தான்.

“பள்ளிவாசல் கிணறு மாதிரி உம்மா” என்று மாமிக்கு விளங்கப்படுத்தினான். “யாரும் அள்ளலாம். வேலி போட ஏலாது.”

“அப்ப நமக்கு என்ன மகன் மிச்சம்?”

“நமக்கும் தண்ணி தானே.”

யட்டவத்தையில் கராம்பு காயவைக்கிறவர்கள் எடுத்தார்கள். பல்லேபொலயில் வீட்டுத் தோட்டத்து மிளகைச் சேர்க்கும் பெண்கள் சங்கம் எடுத்தது. பிறகு கடலுக்கு அப்பால் இடுக்கியில் ஏலக்காய்க்காரர்கள், மடகஸ்காரில் வனிலா காயவைக்கும் ஒரு கிழவர். பெயர் தெரியாத பலரும் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார்கள். இன்னும் சரிவராத திருத்தத்துக்குக் கீழே ஸப்வான் ஆங்கிலத்துக்கு நடுவில் ‘காயல்ல’ என்று தமிழில் எழுதிவிடுவான். மிளகைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் காயவில்லை என்று ஸ்டோரில் சொல்கிற அதே சொல். நாளாக நாளாக மற்றவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வனிலாக் கிழவர் ஆங்கில எழுத்தில் ‘காயல்லா?’ என்று கேள்வியாகவே எழுதுவார்.

ஆனால் ஸப்வானின் பெயரில் இருந்தது ஸப்வான் மட்டும் இல்லை.

நிஹ்லா பேராதனையில் கணிதம் படித்தவள். கல்யாணமான புதிதில் வேறொரு மென்பொருளுக்குத் தன் சொந்தப் பெயரில் ஒரு திருத்தம் அனுப்பினாள். திருத்தத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நீ யார், எந்த ஊர், படம் அனுப்புவாயா என்று முன்பின் தெரியாதவர்கள் தனித்தனியே எழுதினார்கள். அவள் கணக்கையே அழித்துவிட்டாள். “என்ட பேர்ல எழுதுங்களேன்” என்றான் ஸப்வான். “ஒரு வீடு தானே, ஒரு பேர் போதும்.” வீட்டுப் பூட்டுக்கு ஒரே திறப்பு இருப்பதுபோல் இருவருக்கும் ஒரே கடவுச்சொல். சுபஹுத் தொழுகை முடிந்து அவன் உட்காருவான், பகல் சோற்றுக்குப் பிறகு அவள். அவன் தொடங்கிய வரியை அவள் முடிப்பாள். அவள் சிக்கலாக்கியதை அவன் பிரிப்பான். ‘உனக்குச் சோர்வே வராதா ஸப்வான்?’ என்று இடுக்கிக்காரர் ஒருமுறை கேட்டபோது, இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

அவன் மௌத்தான வாரத்தில் வனிலாக் கிழவர் எழுதினார். கருவிகள் எல்லாம் பூச்சியம் காட்டுகின்றன, அறை நிறைய வனிலாக் காய் கிடக்கிறது, உதவி செய் ஸப்வான். பக்கத்து அறையில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நிஹ்லா பிழையைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினாள். அடுத்த செய்தியில் மரணத்தைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் பதில் வந்துவிட்டது. ‘நன்றி ஸப்வான். கடவுள் உனக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.’

அதை வாசித்த பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. உலகத்தில் ஓர் இடத்திலாவது அவன் மௌத்தாகவில்லை. அந்த இடத்தை அவள் கையாலேயே எப்படி மூடுவது? அன்றிலிருந்து அவள் அங்கேயே குடியிருந்தாள். அவனாகப் பதில் சொன்னாள், அவனாகப் பகிடி விட்டுச் சிரிக்கவைத்தாள். மழை எப்படி என்று கேட்டால், ‘இங்கே கொட்டுகிறது’ என்று அவனாக எழுதினாள்.

இப்படியிருக்கும்போதுதான் கொழும்புக் கம்பனி வந்தது.

கம்பனி ‘ஈரம்’ மென்பொருளைத் தன் பெட்டிகளில் போட்டு, களஞ்சியங்களுக்கு வருடச் சந்தாவுக்கு விற்க நினைத்தது. செய்யும் மாற்றங்களைத் திறந்து வைக்க அதற்கு விருப்பமில்லை. ஆகவே உரிமத்தை மாற்ற வேண்டும். அதை யாரும் தனியாக மாற்ற முடியாது. எழுதிய ஒவ்வொருவருக்கும் தன் பங்கில் உரிமை இருக்கிறது, ஒவ்வொருவரும் சம்மதிக்க வேண்டும். எல்லாரும் பார்க்கும் பக்கத்தில் கம்பனி கேள்வியைப் போட்டது. இடுக்கிக்காரர் சம்மதம் என்று எழுதினார். ஓரிரு வரி எழுதியவர்களின் பகுதியைக் கழற்றிவிட்டு வேறு எழுதிக்கொள்ளலாம். வனிலாக் கிழவர், ‘ஸப்வான் சொல்வதுதான் என் பதிலும்’ என்று எழுதினார். ஸப்வானின் பகுதியை மட்டும் கழற்ற முடியாது. அது முதுகெலும்பு.

நிஹ்லா ஒன்றும் எழுதாமல் நாட்களைத் தள்ளினாள். அந்த மௌனத்தின் கீழேதான் ‘இன்னும் காயல்ல’ வந்து உட்கார்ந்திருந்தது.

மறுநாள் பகல் லுஹர்த் தொழுகைக்குப் பிறகு திறந்தபோது அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. அதே படம், அதே பெயர்.

‘சம்மதம்.’

அவள் மாமியைக் கூப்பிட்டு, அன்ஸாபை வரச் சொன்னாள்.

அன்ஸாப் ஸப்வானின் தம்பி, அண்ணனை ‘நானா’ என்று கூப்பிடுகிறவன். இப்போது ஸ்டோரைப் பார்க்கிறவன். இத்தாவில் அவனும் அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது. சீலைக்கு அந்தப் பக்கம் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். மாமி இருவருக்கும் நடுவில், சீலையோரமாகப் பாயில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மதினி, கூப்புட்டீங்களாமே?”

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே குரல் என்பது இத்தனை வருடம் நிஹ்லாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. முகம் எதிரில் இருந்தவரை குரல் முகத்தோடு ஒட்டியிருந்தது. இப்போது முகமில்லாமல் குரல் மட்டும் வருகிறது. சீலையின் மறுபக்கத்தில் யார் இருக்கிறார் என்பதை ஒவ்வொரு முறையும் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

“சம்மதம் எண்டு போட்டது நீங்களா?”

“நானாட போன் என்னட்டத்தானே இரிக்கி மதினி. ஸ்டோருக்கு வாற ஆக்கள் எல்லாம் அந்த நம்பருக்குத்தான் எடுக்கிற. அதுல எல்லாம் தொறந்தே கெடந்திச்சி. ஒரு சொல்லு தானே.”

“மௌத்தான ஆள்ட பேர்ல எழுதலாமா?”

கேட்ட கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அத நீங்க என்னட்டக் கேக்குறீங்க” என்றான் அவன். குரலில் கோபம் இல்லை. “மூணு மாசமா எழுதுற யாரு? நானாவா? நீங்க ஒவ்வொண்டு எழுதக்குள்ளயும் இங்க போன் டிங்குங்குது. மொத நாள் அடிக்கக்குள்ள நான் மூட்டைக்கு மேல நிண்டுக்கிட்டு இருந்தேன். திரையில நானாட பேரு. மனுசன் கபுர்லேந்து மெசேஜ் போடுறாருண்டு நெனச்சிட்டேன்.”

மாமி கீரைத்தண்டை ஒடித்தார். “அதான் அண்டைக்கு மொகம் வெளுத்துப்போய் ஓடி வந்தியா? மூட்டைக்குள்ள பாம்புண்டு சென்னியே.”

“வேற என்ன செல்ல உம்மா?”

மாமி சிரித்தார். நிஹ்லாவுக்கும் சிரிப்பு வந்தது. மூன்று மாதத்தில் அந்த அறைக்குள் வந்த முதல் சிரிப்பு.

“எனக்கு ஒங்களோட கோவம் இல்ல மதினி” என்றது குரல். “ஆனா அதுக்கு முந்தின நாள் காயல்லண்டு போட்டீங்களே, அதான் தாங்க ஏலாமப் போச்சி. என்ன காயல்ல? கம்பனி எனக்கு மாத்தளைக் கிளைய முழுசாத் தாற எண்டு சென்ன. நீங்க அத நானாட வாயால நிப்பாட்டுறீங்க. அதாலதான் நானும் நானாட வாயாலயே சென்னேன்.”

“அது நான் எழுதல்ல.”

“எது?”

“காயல்லண்டு போட்டது. நீங்கண்டுதான் இப்ப நெனச்சேன்.”

“நான் என்னத்துக்கு மதினி அப்பிடிப் போட?”

தகரக் கூரையில் மழை தொடங்கியது. சீலை காற்றில் உள்பக்கம் உப்பி, யாரோ நெஞ்சை அழுத்தி நிற்பதுபோல் ஒரு கணம் நின்று, பின்வாங்கியது. மாமி கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

“என்ன, ரெண்டு பேரும் பேசாம இரிக்கிறீங்க?”

அன்ஸாபின் கதிரை பின்னால் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நிஹ்லா தேடத் தொடங்கினாள். எங்கிருந்து எழுதப்பட்டது என்று பார்த்தாள். இந்த வீட்டு இணைப்பிலிருந்து என்று இருந்தது. போனும் மடிக்கணினியும் ஒரே இணைப்பில்தான் ஓடுகின்றன. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. தூக்கத்தில் எழுதினேனா? நாள் முழுக்க அவனாக இருந்துவிட்டுப் படுக்கிறவள், படுத்த பிறகு யாராக இருக்கிறாள்?

மூன்று மாதத்தில் அவன் பெயரில் நடந்த ஒவ்வொரு மாற்றத்தையும் எடுத்து, இது நான், இதுவும் நான் என்று எண்ணிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள். ஈரம் திடீரென்று ஏறினால், உடனே அலறாமல் சற்றுப் பொறுத்து மீண்டும் அளந்து பார்க்கும் ஒரு சின்னத் திருத்தம். அதில் அவள் நெடுநாள் முட்டிக்கொண்டு நின்றது உண்மை. முடித்த ஞாபகம் மட்டும் இல்லை. ஆனால் முடிந்திருந்தது. சரியாக, சுருக்கமாக. தொடக்கம் அவன் எழுதுவதுபோலவும் முடிவு அவள் எழுதுவதுபோலவும் இருந்தது.

அவள் அதோடு நிற்காமல் இன்னும் பின்னால் போனாள். அவன் உயிரோடு இருந்த காலத்துக்கு. அங்கேயாவது பிரிக்க முடியும் என்று நினைத்தாள். இந்தக் கணக்கு நிச்சயம் என்னுடையது. ஆனால் அதற்கு இந்தப் பெயரை வைத்தது யார்? அவன் சிரித்தான், அது ஞாபகம் இருக்கிறது. சிரித்தது தான் வைத்த பெயருக்கா, நான் வைத்த பெயருக்கா? இந்த வளைவு, இந்தப் பொறுமை, இந்தக் குறுக்குவழி எல்லாம் யாருடையவை? ஆறு வருடத்து வரிகளில் தன் கையைத் தேடினாள். அவன் கையைத் தேடினாள். இரண்டும் கிடைக்கவில்லை. மூன்றாவதாக ஒருவர் இருந்து எல்லாவற்றையும் எழுதியதுபோலவும், அவர்கள் இருவரும் அவருக்கு விரல் மட்டும் கொடுத்ததுபோலவும் இருந்தது. அந்த மூன்றாமவர் மௌத்தாகவில்லை. அவருக்கு மௌத்தாகக் காரணமும் இல்லை.

ஜின், பேய் என்றால் ஓதிப் பார்க்கலாம். இதற்கு எதை ஓதுவது?

ஞாயிற்றுக்கிழமை மாலை, அஸர்த் தொழுகை வேளையில் அன்ஸாப் கம்பனியின் கடிதத்தோடு வந்தான். போனைச் சத்தமாக வைத்து மாமியின் பாயில் வைத்தான். போனில் நிமலன் பேசினான். இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் பிறந்து, இப்போது அந்தக் கம்பனியில் பெரிய பொறுப்பில் இருப்பவன்.

“அக்கா, வணக்கங்க. அண்ணன் இறந்த சேதி தம்பி சொல்லித்தான் தெரியும். மன்னிச்சுக்கங்க. இறந்தவரு பேருல வந்த சம்மதத்தப் பாத்துட்டு எங்க லோயரு கும்பிட்டே புட்டாரு.” சிரிக்கப் போய், நிறுத்திக்கொண்டான். “அது செல்லாதுங்க. அண்ணனோட பங்கு இப்ப வாரிசுங்களுக்கு வந்திருச்சி. காணி மாதிரித்தான். அம்மா கையெழுத்து வச்சிட்டாங்க, தம்பியும் வச்சாச்சு. நீங்க மட்டுந்தான் பாக்கி.”

மாமி கடிதத்தையும் பேனையையும் சீலைக்குக் கீழால் தள்ளினார். நிஹ்லா வாசித்தாள். இன்றைய தேதிவரை ஸப்வானின் பெயரில் பதிவான அனைத்தும் அவர் ஒருவராலேயே எழுதப்பட்டவை என்று உறுதி கூறுகிறேன்.

“இண்டைய வரைக்கும் எண்டு இரிக்கி” என்றாள். “அவர் மௌத்தாகி மூணு மாசம்.”

“தெரியும்ங்க. அந்த மூணு மாசத்துல யாரு எழுதினாங்கன்னு நாங்க கேக்கப் போறதில்ல. பேரு ஒன்னுதானே, லோயருக்கு அது போதும். பழசு பழையபடி கெடக்கும்க்கா, வேணுங்கிறவங்க அத எடுத்துக்கலாம். நாங்க ஒன்னையும் புடுங்கல்ல.”

அது உண்மைதான். பழையது கிடக்கும். ஆனால் இடுக்கிக்காரரும் மற்றவர்களும் கம்பனியின் பக்கம் போன பிறகு, பார்க்க ஆளில்லாமல் கிடக்கும். கருவி மாறும், போன் மாறும், ஒரு பருவத்தில் பூச்சியம் காட்டும். பல்லேபொலயில் ஒரு பெண் அதை நம்பி மிளகை மூட்டை கட்டிவிட்டு, திறக்கும்போது பூசணத்தைப் பார்ப்பாள். சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் ஈரம் தெரியும்.

“பெட்டிக்கு ‘ஸப்வான்’னே பேரு வைக்கிறோம்க்கா” என்றான் நிமலன் தாழ்ந்த குரலில். “நான் கேட்டு வாங்கினது அது.”

மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “எண்ட புள்ளட பேரு ஊர் ஊராப் போகும் மகள். எனக்கு வேறென்ன வேணும்?”

நிஹ்லா பேனையைக் கையில் எடுத்தாள். அவளுக்கும் வேறென்ன வேண்டும்? ஒவ்வொரு களஞ்சியச் சுவரிலும் அந்தப் பெயர். அவள் இரகசியமாகக் காப்பாற்றி வந்த இடத்தைக் கம்பனி பெரிதாகக் கட்டித் தருகிறது. அவள் இனி எழுதக்கூடத் தேவையில்லை. அவன் தானாகவே இருப்பான்.

“வைங்க” என்றது சீலைக்கு அப்பாலிருந்த குரல். மதினி என்று சொல்லாமல், அவசரத்தில், களைத்துப்போய், “வைங்களேன் நிஹ்லா.”

அவள் பெயரை அந்தக் குரல் அப்படித்தான் சொல்லும். பேனையின் முனை தாளில் பட்டது. ஒரு புள்ளி விழுந்தது.

இது அன்ஸாப், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அன்ஸாப் வேண்டுமென்று செய்யவில்லை, குரல் அவனுக்கு அப்படி வாய்த்துவிட்டது. ஆனால் ஒரு குரல் போதுமாக இருந்தது, அவள் கையை நகர்த்த. மூன்று மாதமாக அந்த வனிலாக் கிழவருக்கு அவள் செய்ததும் இதுதானே? சீலைக்குப் பின்னால் இருந்துகொண்டு, இல்லாத ஒருவரின் குரலில், நன்றி வாங்கி, நம்பிக்கை வாங்கி. ‘ஸப்வான் சொல்வதுதான் என் பதிலும்’ என்று அவர் எழுதியது யாரை நம்பி?

பேனையை மூடினாள். தாளை இரண்டாக மடித்து, சீலைக்குக் கீழால் மெதுவாகத் திருப்பித் தள்ளினாள்.

“வச்சிட்டியா மகள்?”

“இல்ல மாமி. எது அவர்ட, எது என்டயெண்டு எனக்கே தெரியா. எல்லாம் அவர்டண்டு எப்பிடி நான் எழுதிக் குடுக்க?”

“மதினி” என்று அன்ஸாப் தொடங்கினான். மடித்த தாளை அவன் பிரிக்கும் சத்தம் கேட்டது.

“அவர் மௌத்தாகிட்டாருண்டு இண்டைக்கு எல்லாருக்கும் எழுதுறேன் தம்பி” என்றாள் நிஹ்லா, சீலைக்கு அப்பால் போன் இருந்த பக்கம் திரும்பி. “என்ட பேர்லயே எழுதுறேன். இவ்வளவு நாளும் எழுதினது நானும்தாண்டு.”

போனில் நிமலன் மிகவும் மரியாதையாக, புதுத் தாள் ஒன்றைத் தேடி எடுப்பவன்போலக் கேட்டான்.

“சரிங்கக்கா. நல்லதுதான். அப்ப ஒங்க சொந்தப் பேருலயே ஒரு சம்மதம் தந்துர்றீங்களா?”

மழை விட்டிருந்தது. ஸ்டோர்ப் பக்கமிருந்து ஈர மிளகின் காரம் வந்தது. ‘வேலி போட ஏலாது’ என்று ஸப்வான் சொன்ன கிணறு அவள் நினைவுக்கு வந்தது.

“இல்ல தம்பி” என்றாள் நிஹ்லா, மாமிக்குக்கூட அரைகுறையாகக் கேட்கும் குரலில். “அதுவும் இல்ல.”